பௌர்ணமியன்று காலியான ஏடிஎம்

என் கணவருக்குப் பணத்தின் மேல் இருந்த நம்பிக்கை ஒரு வீடியோவால் போனது. செங்கம் சாலையில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் மந்தமான மதியங்களில் செல்போனே கதி. அதில் கோட்டு போட்ட ஒருவர் சிவப்பு அம்புக்குறிகளுக்கு நடுவே நின்று, பேங்கில் இருப்பது பணமே இல்லை, வெறும் எண், சீக்கிரமே எல்லாம் காகிதமாகிவிடும், வெள்ளிக்கட்டி வாங்கிப் போடுங்கள் என்று கத்துவார்.

கீழ்பென்னாத்தூரில் என் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணம் என் பெயரில் டெபாசிட்டில் இருந்தது. எங்கள் பெண்ணின் நர்சிங் படிப்புக்கென்று வைத்தது. அது முதிர ஒரு மாதம் இருந்தபோது கணவர் ஆரம்பித்தார்.

"அத எடுத்து வெள்ளியா போட்டுடலாம்மா. பௌர்ணமிக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பௌர்ணமிதான் கெடு. கிரிவலக் கூட்டம் வந்து ஊரை அடைத்துக்கொள்வதற்குள் ஆக வேண்டியதை முடித்துவிட வேண்டும்.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால்? நான் பி.காம். படித்தவள், கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது முள்ளாக உறுத்தியது. இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எரிச்சல்தான் வந்தது. தமிழில் கிடைத்த வீடியோக்களில் பாதிப் பேர் பயமுறுத்தினார்கள், மீதிப் பேர் எங்கள் கோர்ஸில் சேருங்கள் என்றார்கள். வீடியோ முடிவில் போன் நம்பர் போட்டால் அவர்களை நம்புவதில்லை என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு பார்க்க அதிகம் மிஞ்சவில்லை. போட்டித் தேர்வு கைடு ஒன்று வாங்கினேன். மைய வங்கி மற்ற பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டிதான் ரெப்போ விகிதம் என்று இரண்டு வரி இருந்தது. அதை ஏற்றினால் என் வீட்டில் என்ன ஆகும் என்று அரை வரி இல்லை. ஆசிரமப் பக்கம் ஒரு காபிக்கடையில், ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போகும் புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். பொருளாதாரம் என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஆசையாகப் பிரித்தால், உலகம் முடியப்போகிறது, தங்கம் வாங்கு என்றது. என் வீட்டுக்காரரை இங்கிலீஷில் பேசவிட்டது போல இருந்தது. அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உருப்படியானது பக்கத்து வீட்டில்தான் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் பாடப்புத்தகம். நடை வறட்சிதான், ஆனால் யாரையும் பயமுறுத்தவில்லை. அங்கிருந்து மைய வங்கியின் இணையதளத்துக்குப் போனேன். முக்கால்வாசியை விஷயம் தெரிந்தவர்களுக்காகவே எழுதியிருந்தார்கள், கேள்வி பதில் பகுதி மட்டும் புரிந்தது. கடைசியில் ஒரு கல்லூரிப் பேராசிரியரின் பாடம் அகப்பட்டது. கரும்பலகையில் எழுதுவார், இருமுவார், அழிப்பார், கேமராவைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். அவருக்கு விற்க ஒன்றும் இல்லை. லாட்ஜில் அறைகள் காலியாகி அடுத்த கூட்டம் வருவதற்குள் கிடைக்கும் நேரத்தில், அவர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நாம் போடும் பணத்தை எடுத்துத்தான் பேங்க் இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கடன் கொடுக்கும்போது வாங்குகிறவர் கணக்கில் ஒரு தொகையை எழுதுகிறார்கள். அதுவே புதுப் பணம். வட்டியை ஏற்றியும் இறக்கியும் அதைக் கட்டுக்குள் வைக்கப் பார்ப்பது மைய வங்கியின் வேலை. நோட்டாகப் புழங்குவது மொத்தத்தில் கொஞ்சம்தான். அப்படியென்றால் கோட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவரை மடக்கப் போய் அவருக்கே சாட்சி தேடிக்கொண்டு வந்திருந்தேன். பௌர்ணமி நெருங்க நெருங்க என்ன சொல்வதென்று தெரியாமல் வீட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பௌர்ணமியன்று மதியம் கணவர் லாட்ஜுக்கே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"எந்த மிஷின்லயும் பணம் இல்ல. நான் சொன்னேன்ல, ஆரம்பிச்சிடுச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, இன்னிக்கு பௌர்ணமி. என்னிக்கு பௌர்ணமியில நம்மூர் ஏடிஎம்ல பணம் இருந்திருக்கு?"

வெளியூர்க் கூட்டம் துடைத்து எடுத்துவிடும் என்று, இங்கே இருப்பவர்கள் முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்வோம். இந்த ஊரிலேயே பிறந்தவர், அதைக்கூட மறக்கும் அளவுக்குப் பயந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்டா பேங்க்லயும் இப்படித்தாங்க. அப்படி வரமாட்டாங்கன்னுதான் ஓடுது. பேங்குக்கு பத்தலைன்னா எல்லா பேங்குக்கும் மேல இருக்கிற பெரிய பேங்க் குடுக்கும்."

"அதுக்கே பத்தலைன்னா?"

"அது புதுசா நோட்டு அடிக்கலாம்."

"அடிச்சா நோட்டு ஜாஸ்தியாயி மதிப்பு கம்மியாயிடும்ல?"

"ஆவும்."

"எவ்ளோ ஆவும்?"

இவ்வளவு நாளாக நான் படித்ததில் அதற்குப் பதில் இல்லை. "தெரியலீங்க," என்றேன்.

"அந்தாளு ஒரு தடவகூட தெரியலைன்னு சொன்னதில்ல," என்றார்.

"அவரு வெள்ளி விக்கிறாரு. நான் எதயும் விக்கலையே."

அறை கேட்டு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர் எழுந்து வழிவிட்டார். அப்படியே போய்விட்டார். அதற்குப் பிறகு வெள்ளிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

டெபாசிட் முதிர்ந்த நாளில் அவரே வண்டியில் என்னை பேங்குக்கு அழைத்துப்போனார். "புதுப்பிச்சிடலாமாங்க?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். இத்தனை நாள் இதற்காகத்தான் மல்லுக்கட்டினேன். பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வட்டி எவ்வளவு என்று கேட்டேன். பேங்க் மூழ்கினால் காப்பீடு எவ்வளவு தொகைவரைக்கும் என்று கேட்டேன். தெரிந்ததையே திரும்பவும் கேட்டேன்.

"இன்னும் இன்னாம்மா யோசன? போடு, கடய தொறக்கணும்," என்றார் கணவர்.

கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். நெடுநாள் கழித்து அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பெண் படித்து முடிக்கிறவரைக்கும் அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்க வேண்டுமே என்று பின்னால் உட்கார்ந்து வேண்டிக்கொண்டே வந்தேன். இவ்வளவு படித்த பிறகு என்னால் செய்ய முடிந்தது அதுதான்.