நடுத்தூண் இல்லாத பதினாறடி

எங்கள் கூடத்தின் நடுவில் ஒரு தூண் இருந்தது. செஞ்சிக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து அதைச் சுற்றித்தான் நடந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. மூன்றாவது பிள்ளையும் வயிற்றில் தங்காமல் போன பிறகு, மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று போய்த் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள்.

"தெருவாசலுக்கு நேரா தூண் நிக்குதா? அது வாசக்குத்தும்மா. அப்புறம் எப்டி தங்கும்?"

அவள் யாரோ, எந்த ஊரோ. வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரரிடம், "இந்தத் தூண் இருந்தா நான் இருக்க மாட்டேன்" என்றேன். எனக்கு அப்போது வாய் நீளம். ஒரு மாதம் அவர் உயிரை வாங்கினேன்.

மேஸ்திரி வந்து அண்ணாந்து பார்த்தார். பதினாறடிப் பனை உத்திரத்தை நடுவில் தாங்கியது அந்தத் தூண்தான். உத்திரத்தின்மேல் பலகை பரப்பிய மச்சு. நிலத்தில் விளையும் வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, மூட்டை கட்டி அங்கேதான் அடுக்குவோம்.

"இப்ப எட்டு எட்டடியா நிக்குது. தூண எடுத்தா ஒரே பதினாறடி. நாப்பது மூட்ட வெச்ச எடத்துல பத்துக்கு மேல வெக்கக் கூடாது."

"கோட்டையில கல்லு உத்திரமே நிக்குது. நீ இன்னா மேஸ்திரி?" என்றார் இவர்.

"அங்க எத்தினி தூணு நிக்குதுன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

தூணை எடுத்தார்கள். உத்திரம் அசையவில்லை. மூன்று மாதத்தில் எனக்கு நாள் தள்ளிப்போனது. நான்காம் மாதமும் தாண்டியது. அதற்கு முன் எதுவும் அதுவரை வந்ததில்லை.

அந்த வருஷம் மல்லாட்டை நன்றாக விளைந்து விலை இறங்கிக் கிடந்தது. விலை ஏறட்டும் என்று இவர் மச்சில் பத்து மூட்டை ஏற்றினார். ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் இன்னும் பத்து. கடைசியில் முப்பத்தைந்து. உத்திரம் தொய்ந்தது. அதன் முனை செருகிய சுவரிலிருந்து காலையில் காரை உதிர்ந்து கிடக்கும். அவர் எழுவதற்குள் பெருக்கித் தள்ளிவிடுவேன். பார்த்தால் மறுபடியும் தூணை வைத்துவிடுவாரே, அந்த பயம்.

ஒரு பகலில், நான் கிணற்றடியில் இருந்தபோது சத்தம் கேட்டது. சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்தில் படுத்திருந்தார்.

தெருவே ஓடிவந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது. நான் வாசற்படியில் நின்றேன். அழுகை வரவில்லை. உடம்பில் எதுவும் உறைக்கவில்லை. கல்மனசுக்காரி என்று பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். அவர் கால் வெளியே தெரிந்த நேரத்தில் பிள்ளை முதன்முதலாக உதைத்தது. எனக்கு வந்த முதல் நினைப்பு, தங்கிவிட்டது என்பதுதான். என் மகளிடம் இதை நான் சொன்னதில்லை.