மலையில் கட்டிய மஞ்சள் துணி

மூன்று வாரமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் சிரிப்பீர்கள். எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சரி... சிரித்துவிட்டே போங்கள்.

சிங்கப்பூருக்கு ரயில் போகிற வழியில் லாபிஸ் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது. அடியில் ஆறு; ஆற்றங்கரையிலிருந்து உச்சி வரைக்கும் அடர்ந்த காடு. சர்வேக்காரர்கள் வந்து உச்சியில் இருந்த மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து போய்வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு: மேலே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறதாம், ரயில் போவது மரவட்டை ஊர்வது மாதிரி இருக்கிறதாம்.

நான் போகவில்லை. எதற்குப் போகவேண்டும்? கீழே இருந்து பார்த்தாலே மலை தெரிகிறதே!

என் தங்கை தனம் போகவேண்டும் என்றாள். அதுவும் எந்த நாளில்? கப்பலேற ஊரைவிட்டுப் புறப்படுகிற நாளில்.

ரப்பர் விலை விழுந்த கதை உங்களுக்குத் தெரியாததா? தோட்டம் தோட்டமாக ஆள் குறைக்கிறார்கள். தனத்தின் புருஷன் ராமையாவின் பெயரையும் அடித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் நாகப்பட்டினம் போகக் கப்பல் பாஸ் கொடுத்தார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணி ரயிலைப் பிடித்தால் சிங்கப்பூர், மறுநாள் காலை கப்பல். பிடிக்காவிட்டால்? பாஸ் செல்லாது. தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைச் சனிக்கிழமையே ஒப்படைத்தாயிற்று. வேலையும் இல்லை, கூரையும் இல்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். தனம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "எட்டு வருஷமா விடியக்காலம் பெரட்டுக்கு நிக்கறப்பல்லாம் அந்த மலையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். கங்காணி பேர் கூப்பிடறவரைக்கும் வேற என்னத்தப் பாக்கறது? ஒருதரம் அது மேல நின்னு இந்தப் பெரட்டுக் களத்தப் பாத்துட்டுப் போறேன், அண்ணே."

உதவிக்கு ராமையாவைப் பார்த்தேன்.

ராமையா ஒரு காலத்தில் காடு வெட்டியவர். "வெள்ளன ஏறினா மத்தியானம் எறங்கிரலாம் மச்சான். நீங்க வேணும்னா வீட்ல இருங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய், அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்து என் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டேன். அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் எடுத்து வைத்தேன். புலிக்கு என்ன எடுத்து வைப்பது? அது தெரியவில்லை. ஆனால் வழி தவறாமல் இருக்க ஒரு யோசனை தோன்றியது. படித்தவர்களுக்குத் திசைகாட்டி இருக்கிறது. நாலாம் வகுப்போடு நின்ற எனக்குத் துணிதான். பங்குனி உத்திரத்தில் பால்குடம் எடுத்தபோது கட்டிய மஞ்சள் வேட்டியை எடுத்து விரலகலத் துண்டுகளாகக் கிழித்தேன். வழி நெடுகக் கட்டிக்கொண்டே போனால் திரும்பும்போது பார்த்துக்கொண்டே இறங்கிவிடலாம் அல்லவா? வெள்ளை வேட்டியும் இருந்தது. ஆனால் காட்டில் மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும் என்று முடிவு செய்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ராமையா அதைக் கப்பல் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் பாராங் கத்தியோடு ராமையா, நடுவில் நான், பின்னால் தனம். ஒவ்வொரு திருப்பத்திலும் அட்டை பிடுங்குவதுபோல் குனிந்து, பக்கத்தில் இருந்த சின்ன மரக்கன்றில் ஒரு துண்டைக் கட்டினேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. நாலைந்து துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு பையைத் தனத்திடம் கொடுத்தேன். பொரி, தண்ணீர் பாட்டில், மிச்சத் துணி எல்லாம் அதில்தான்.

உச்சிக்குப் போனபோது மணி பத்தரை.

பொய் சொல்லக்கூடாது. பார்க்கவேண்டிய இடம்தான். காட்டுக்குள் ஆறு போவது துண்டு துண்டாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் தலை வாரி வகிடெடுத்த மாதிரி ரப்பர் நிரைகள், ரயில் ரோடு, தோட்டத்து ஸ்டோர் கூரை. தனம் வெகுநேரம் தேடித் தன் லயத்தைக் கண்டுபிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

"கட்ட வெரல வச்சா லயம், பெரட்டுக் களம் எல்லாம் மறைஞ்சு போவுது அண்ணே. இவ்வளவு எடத்துலயா எட்டு வருஷம் இருந்தோம்?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ராமையா சொன்னார்: பெட்டியை வண்டியில் ஏற்றவேண்டும், நான் முன்னால் ஓடுகிறேன், நீங்கள் தனத்தைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வாருங்கள். வழி தெரியுமா என்று வேறு கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவு தைரியமாக என் ஆயுளில் நான் எதையும் சொன்னதில்லை.

பதினொன்றரைக்கு இறங்க ஆரம்பித்தோம். முதல் துணி தெரிந்தது. இரண்டாவது தெரிந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. மூன்றாவது துணி இடது பக்கம் கொஞ்சம் உள்ளே, ஒரு பெரிய மரத்தில் இருந்தது. இவ்வளவு பெரிய மரத்திலா கட்டினோம்? கட்டியிருப்போம், யாருக்கு ஞாபகம்! அதனிடம் போனேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் இன்னும் உள்ளே இன்னொரு மஞ்சள். அதற்கும் போனேன். அதற்குப் பிறகு... ஒன்றும் இல்லை. கீழே ஒரு செங்குத்தான பள்ளம். அதற்கடியில் எங்கோ ஆற்றுச் சத்தம்.

திரும்பினேன். வந்த வழி எது? எல்லாம் ஒரே பச்சை. வலப்பக்கம் தூரத்தில் ஒரு மஞ்சள் தெரிந்தது. முள்ளைக் கிழித்துக்கொண்டு போனால் அதுவும் ஒரு ராட்சச மரம். ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை. தனம் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு துணி முன்னாலும் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். பாவம், பயந்துவிட்டாள், அதனால்தான் சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

இரண்டு மணிக்கு உடைந்துபோனேன். "தனம், வழி தவறிப்போச்சு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வழி தேடியா அலையறீங்க? போறதுக்கு முன்ன ஒவ்வொரு மரமா கும்பிட்டுட்டு வர்றீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

"எந்த மரத்த?"

"நான் வேண்டிக்கிட்டுக் கட்டின மரத்த. ஏழு கட்டினேன். நீங்கதானே பையில மஞ்சத் துணி கிழிச்சுப் போட்டு எங்கிட்டக் குடுத்தீங்க?"

அவள் சொன்னதைக் கேளுங்கள். நான் குனிந்து குனிந்து கட்டியதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். கப்பல் நல்லபடியாகப் போகவேண்டும் என்று அண்ணன் திருப்பத்துக்குத் திருப்பம் வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்து அவளுக்கு மனம் கலங்கியிருக்கிறது. கேட்டால் நான் கூச்சப்படுவேன் என்று கேட்கவில்லை. நாங்கள் இளைப்பாற உட்கார்ந்தபோதெல்லாம் ஒதுங்கிப்போய், நல்ல மரமாகப் பார்த்துத் தானும் கட்டியிருக்கிறாள். தோட்டத்தில் முனி மரத்துக்குக் கட்டுகிற மாதிரியே.

தப்பு யார்மேல்? மஞ்சள் துணியை மரத்தில் கண்டால் நம் ஜனங்கள் கும்பிடாமல் வேறு என்ன செய்வார்கள்?

"அது வேண்டுதல் இல்ல தனம். வழிக்கு அடையாளம்" என்றேன். சொல்லாமல் முடியவில்லை.

சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "அதான பாத்தேன். பெரிய மரமெல்லாம் என்னோடது. உங்களோடது பூரா சுண்டு வெரல் தண்டிக் கன்னு. இதுக்குப் போயி யாராச்சும் வேண்டுவாங்களான்னு அப்பவே நெனச்சேன்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. திரும்ப மேட்டில் ஏறி, கன்றில் கட்டிய துணி ஒன்றைக் கண்டுபிடித்தோம். அங்கிருந்து பெரிய மரங்கள் பக்கமே பார்க்காமல் கன்றிலிருந்து கன்றுக்கு இறங்கினோம். இறங்கினோம் என்றா சொன்னேன்? உருண்டோம்.

ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை, ஐயா. கூட வருகிறவர்களுக்குத் தெரியாமல் ஜாக்கிரதையாக இருப்பதுதான் ஆபத்து. எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது! ஒருவன் பயந்து ஒரு காரியம் செய்வான். பக்கத்தில் இருப்பவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு அதற்குமேல் ஒன்று செய்வாள். கடைசியில் இரண்டு பேரும் காட்டில் நிற்பார்கள்.

நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஐந்தாக மூன்று நிமிஷம்; ரயில் வந்து நின்றிருந்தது. ராமையா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்துக்கொண்டு நின்றார். திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. தனத்தை இழுத்து ஏற்றினார். சேலையெல்லாம் முள், காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம்... அந்தக் கோலத்தில் என் தங்கை ஊருக்குப் போனாள்.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், ஏழு தரம் அப்படி என்னதான் வேண்டினாய், கப்பலுக்கா என்று.

"கப்பலுக்குத்தான் நீங்க வேண்டிக்கறீங்கன்னு நெனச்சேனே, அப்புறம் நான் எதுக்கு?" என்றாள். "எங்கண்ணனுக்கு இந்தப் பயம் போகணும்னு கட்டினேன். நானும் போயிட்டா உங்களுக்குத் தைரியம் சொல்ல இங்க யாரு இருக்கா?"

ரயில் நகர்ந்துவிட்டது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொல்லியிருக்கிறேன். என் கணக்குப்படி இந்த வாரம் வந்திருக்கவேண்டும். வேண்டுதல் பலித்ததா என்று கேட்கிறீர்களா?

இன்றைக்கு மட்டும் தபாலாபீசுக்கு இரண்டு தடவை போய்வந்தேன்.