சேஸ் வராத கப்பல்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் என் அக்காள் வசந்தாமணியின் வீட்டுக்காரர் மணியனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. ஒரு போல்ட் கோணலாக இருந்தால் பலகையையே கழற்றச் சொல்வார். அவர் பட்டறையில் நான் பெயின்டர். தினமும் திட்டு வாங்குகிறவனும் நானே. என்ன கட்டி என்ன, ரோட்டில் போகிற லாரியை ஊரார் இன்ஜின் கம்பெனியின் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ‘இது மணியன் பண்ணியது’ என்று நாலு பேர் சொல்லி ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பது மாமாவின் தீராத ஆசை.

அதற்கு வழி செய்தவர் லாரி ஓனர் கதிர்வேல். பைபாஸில் புது ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஏதோ சீமை ராஜா உல்லாசம் போன நீராவிக் கப்பலின் படங்களைக் கொடுத்து, அச்சு அசலாக ஆள் நீளத்துக்கு ஒன்று செய்யச் சொன்னார்.

கடலையே பார்த்திராத மாமா புகைபோக்கி, கயிற்று ஏணி, சாப்பாட்டு அறை, அதற்குள் விரல் நகமளவு நாற்காலிகள் எல்லாம் செய்தார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் தண்ணீர் மட்டத்தோடு நிறுத்திவிட்டார். படங்களில் அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தொழிலும் அப்படித்தான்; இன்ஜினும் சக்கரமுமாக ஓடுகிற சேஸை ஓனர் கொண்டுவந்து விடுவார், அதன்மேல் கட்டுவது மட்டும்தான் எங்கள் வேலை.

“சேஸ் எப்பங்க வரும்?” என்று மாமா கதிர்வேலிடம் கேட்டார்.

போனைக் காதில் வைத்திருந்த கதிர்வேல், “அதை நான் பாத்துக்கறனுங்க” என்றார்.

மாமா அடுத்த லாரிக்குப் போய்விட்டார். நான்தான் கப்பலைக் கொண்டுபோய் ஓட்டலில் நீலக் கண்ணாடி மேல் வைத்து வந்தேன். தண்ணீரில் நிற்பது போலவே இருந்தது.

திறப்பு விழாவில் கூட்டம் கப்பலை மொய்த்தது. கதிர்வேல் மைக்கில் மாமாவைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். மாமா நெளிந்தார்.

“மேல மட்டுந்தானுங்க நான். கீழ பண்ணுனவரையும் கூப்புடுங்க. அவரில்லாம இது ஓடுமுங்களா?”

கூட்டம் சுற்றுமுற்றும் தேடியது. கதிர்வேலும் விழித்தார், அப்புறம் சிரித்துவிட்டார்.

“கீழ ஒண்ணுமே இல்லீங்க மணியண்ணா! வெறும் கண்ணாடி. முழுக்க உங்க வேலைதானுங்க.”

கைதட்டல் காதைப் பிளந்தது. மாமா மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏம் மாப்ளே, அப்ப நான் பண்ணுனது என்ன?”

“கப்பல்தானுங்க மாமா” என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.