பலூன் வைத்த சோப்பு டப்பா

எங்கள் வீட்டு வாசல் குழாய்க்கு மேலே ஒரு பச்சைச் சோப்பு டப்பா தொங்குகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சிவப்புப் பலூன், அதன் மேல் மெல்லிய தகரப் பட்டை, பழைய அழைப்பு மணி, இரண்டு பேட்டரி. இவ்வளவுதான். அந்த மணி அடித்தால் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். இந்த டப்பாவைச் செய்தது என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நேரில் எப்போதும் அவரிடம் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசினேன். மனதுக்குள் அவன் ‘அவன்’தான். இதையாவது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார். அவன் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு விசைத்தறி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தான். தறிச் சத்தத்தில் போன் அடிப்பது யாருக்கும் கேட்காது என்று, போன் வந்தால் தலைக்கு மேலே பல்பு மின்னுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து மாட்டினான். வாசுதேவநல்லூர்ப் பக்கம் வயல் வைத்திருந்த ஒருவருக்குக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்து நிறுத்த வழி செய்து கொடுத்தான். எல்லாம் காயலான் கடைச் சாமான். நான் ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் டிரான்சிஸ்டர் வரைந்துகொண்டிருந்தேன். என் கையால் செய்து ஒருவர் வீட்டில் ஓடிய பொருள் ஒன்றுகூட இல்லை. மாமனார் வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட, “சின்ன மாப்பிள்ளை வரட்டும்” என்று மூட்டைகட்டி வைப்பார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

மாமனார் தெருவில் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்த ஐந்து நிமிடத்தில் மேட்டு வீட்டுக்காரர்கள் மோட்டாரைப் போட்டு உறிஞ்சிவிடுவார்கள். அதனால் மாமியார் கோவிலுக்குக்கூட நிம்மதியாகப் போனதில்லை. ஒருநாள் சகலை குழாயில் ஒரு ரப்பர் குழலைப் பொருத்தி, அதை ஆள் உயரத்துக்கு ஏற்றி, முனையில் பலூனைக் கட்டினான். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் கொஞ்ச நேரம் காற்று சீறும். காற்று ஏறினால் பலூன் உப்பும், பட்டையைத் தூக்கும், மணி அடிக்கும். “சின்னப் பிள்ளையில குழாய்ல காத வச்சுக்கிட்டே கெடப்பேன் அண்ணாச்சி. உஸ்ஸுன்னா போதும், கொடத்தத் தூக்கிட்டு ஓடுவேன்” என்று என்னிடம் சிரித்தான். நானும் அதே ஊரில் அதே மாதிரிக் குழாயடியில் நின்று வளர்ந்தவன்தான். அந்தச் சீறலை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

அடுத்த மாதமே நானும் ஒன்று செய்தேன். குழாய்க்குள் இரண்டு செம்புக் கம்பி செருகி, தண்ணீர் பட்டால் ஒலி எழுப்பும் கருவி. அழகான வெள்ளைப் பெட்டி, பச்சை விளக்கு. மாமனார் மறுக்க முடியாமல் அதையும் அதே குழாயில் மாட்டச் சொன்னார். ஆனால் பலூன்தான் எப்போதும் முந்திக்கொண்டது. என்னுடையது அடிப்பதற்குள் மாமியார் முதல் குடத்தை வைத்திருப்பார். இரண்டாவதாக அடிக்கிற மணியை யார் மதிப்பார்கள்?

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊரெல்லாம் கூட்டம். பனவடலிசத்திரத்திலிருந்து மாமனாரின் உறவுக்காரர்கள் வேன் பிடித்து வந்து வீடு நிறைய இறங்கியிருந்தார்கள். காலையில் என் மனைவியிடம் ஒரு ஊக்கு கேட்டேன். அவள் தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்ததைக் கழற்றித் தந்தாள். வாசலுக்குப் போனேன். டப்பாவைத் திறந்து பலூனில் நான்கு இடத்தில் குத்தினேன். பையன்களுக்கு வருடாவருடம் நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கிற வாத்தியார் செய்த காரியம் இது. இன்று ஒருநாள், இத்தனை பேர் முன்னால், என் மணி முதலில் அடிக்கட்டும் என்று நினைத்தேன்.

அடிக்கவில்லை. ஊர்த் தண்ணீரின் உப்பு என் செம்புக் கம்பிகளில் பொருக்குத் தட்டிப் போயிருந்ததை நான் ஒரு தடவைகூடக் கழற்றிப் பார்த்திருக்கவில்லை. பலூனை நம்பி மாமியார் அடுப்படியில் இருந்தார். எதிர்வீட்டுக்காரி, “ஏக்கா, நீங்க தண்ணி பிடிக்கலையா?” என்று சத்தம் போட்டபோது குழாய் வறண்டுவிட்டது. முப்பது பேர் இருக்கிற வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை.

தகவல் கேட்டு வந்த சகலை டப்பாவைத் திறந்து, பலூனை எடுத்து வாயில் வைத்து ஊதினான். நான்கு ஓட்டையிலும் விரலை வைத்துப் பார்த்தான். நான் தூணில் சாய்ந்து நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. “என்ன மாப்பிள்ளை, ஏன் அடிக்கல?” என்று மாமனார் கேட்டார். “ரப்பரு இத்துப்போச்சு மாமா. மாத்தியிருக்கணும், என் தப்புதான்” என்றான். பிறகு மொபெட்டில் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குள் மதியம் வரை தண்ணீர் சுமந்தான். பத்து பேர் பார்க்க அவனைத் திட்டினார் மாமனார். எனக்கு அது இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இனிக்கவில்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்கே வந்து, புதிதாகச் செய்த இந்த டப்பாவை மாட்டிவிட்டுப் போனான். கூடவே ஒரு பாக்கெட் பலூன். “கைவசம் இருக்கட்டும் அண்ணாச்சி” என்றான்.

அவன் மாரடைப்பில் போய் இரண்டு வருடமாகிறது. பாக்கெட்டில் கடைசியாக இருந்த சிவப்புப் பலூனைப் போன வாரம் நான்தான் மாற்றினேன். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லித் தீர்த்தால்தான் ஆகும் என்று இருந்தது.

“அன்னைக்கு ஆடித்தபசுக்கு அந்தப் பலூன...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். என் சங்கிலில கெடந்த ஊக்கைத்தான வாங்கிட்டுப் போனீங்க?”

“பெறகு ஏன் ஒருநாளும் கேக்கல?”

“அவருதான் வேண்டான்னாரு. ‘மதினி, அண்ணாச்சிட்ட இதப் பத்திக் கேட்டுராதீங்க, அவரு மனசு தாங்காது’ன்னாரு.”

ஸ்டூலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கிற வேலையைக்கூட எனக்கு மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டுப் போயிருக்கிறான். என் மனைவியின் வாயை இத்தனை வருடம் அடைத்துவைக்க என்னால் முடிந்திருக்குமா? அவனுக்கு முடிந்திருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு வயிறுதான் எரிந்தது. கண்ணும் கலங்கியது என்பது வேறு விஷயம்.

இன்று காலை மணி அடித்தது. “தங்கச்சி மாப்பிள்ளை கூப்பிடுதாரு” என்று, எப்போதும் சொல்வதைச் சொல்லிக்கொண்டே அவள் குடத்தைத் தேடினாள். நான் முந்திக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குனிந்து, முதல்முறையாக, அதில் காதை வைத்தேன்.