முள்ளில்லாத குஞ்சலம்

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது சுசீலாவின் கடை. பலகையில் 'ரவிக்கை தைத்துத் தரப்படும்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் தாம்பினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் ஆட்கள் காரைப் போட்டுக்கொண்டு தேடி வருவது குஞ்சலத்துக்கு. கல்யாணப் பெண்ணின் சடை நுனியில் கொத்தாகத் தொங்குமே, அதற்கு.

அந்தத் தொழிலை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கோபம்தான் கற்றுத்தந்தது. அவளுடைய கல்யாணத்தில் வாங்கிக் கட்டிய குஞ்சலம் தாலி ஏறுவதற்குள் நூல் நூலாகப் பிரிந்து மாமியார் மடியில் உதிர்ந்தது. "இப்பவே உதிருதே, இன்னும் என்னென்ன உதிரப் போவுதோ" என்று பின்னால் ஒருத்தி சொன்னது சுசீலாவின் காதில் நன்றாகவே விழுந்தது. மறுவீடு முடிந்து வந்ததும் அந்தப் பாழாய்ப்போன குஞ்சலத்தைப் பிரித்துப் பார்த்தாள். முடிச்சு சொத்தை, முனையெல்லாம் வெட்டியது வெட்டியபடி. அன்றைக்கு ஆரம்பித்தவள்தான். நூலை இறுக்கிக் கட்டி, நைலான் இழையின் ஒவ்வொரு முனையையும் மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி, சூடு ஆறுவதற்குள் விரலால் உருட்டி விடுவாள். சுசீலா கட்டிய குஞ்சலத்தில் ஒரு நூல் பிரிந்தது என்று இதுவரை எந்த மணப்பெண்ணும் வந்து நின்றதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

தம்பி காந்தனுக்குத் தொழில் மீன். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, செம்பனைத் தோட்ட ஓரத்தில் ஒரு பழைய குளத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தூர்வாரி, கெலி என்கிற கெளுத்தியும் திலாப்பியாவும் விட்டான். மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துத் தூண்டில் போட ஆட்கள் வந்தார்கள். குளக்கரையிலேயே தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு தங்கிவிட்டான். அப்பா அம்மா போய், தோட்டத்து வீடும் இடிந்த பிறகு, சுசீலாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கொட்டகைதான். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், தம்பி பொரித்த மீனைத் தின்று, அவன் கொட்டகை குப்பையாகக் கிடப்பதைத் திட்டிவிட்டு வந்தால்தான் அவளுக்கு அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

அந்தக் குளத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான் அலிகேட்டர் கார் மீனைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தான். விரல் நீளத்தில் வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பார்கள். அது கை நீளம் வளர்ந்து தொட்டியை இடிக்க ஆரம்பித்ததும், கண்ணில் படுகிற குளத்தில் விட்டுவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதாவது அவரவர் வேட்டியோடு போகும். இவர்கள் அடுத்தவன் வேட்டியில் விடுகிறார்கள்.

முதலை மாதிரி நீண்ட வாய், உள்ளே ஊசி ஊசியாகப் பல். குளத்தில் மீன் குறைந்தது. மீன் குறைந்ததும் ஆட்களும் குறைந்தார்கள். காந்தன் எத்தனையோ தூண்டில் முள் போட்டுப் பார்த்தான். அதன் வாயெல்லாம் எலும்பு. முள் ஏறவே இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. வலை போட்டால் வலையைக் கிழித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காந்தன் கடைக்கு வந்து தையல் மிஷின் மேல் ஒரு சுருள் வெள்ளை நைலான் கயிற்றை வைத்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பம்ப்காரன் காளிதாஸ் வர்றேன்னுட்டான். தண்ணிய எறைச்சுட்டு, கெடக்கிற மீன வித்துட்டுக் கெளம்பப் போறேன்."

"எங்கடா கெளம்புற?"

"ஜொகூர். கூட்டாளி ஒருத்தன் வேலை இருக்கு வான்னு கூப்பிடுறான். அங்கேயே ரூம்பு."

சுசீலா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஜொகூர் ஒன்றும் நிலாவில் இல்லை. ஆனால் போனவர்கள் வருகிற அழகு அவளுக்குத் தெரியும். முதல் வருஷம் தீபாவளிக்கு வருவார்கள், அடுத்த வருஷம் ஃபோன் வரும், அதற்கடுத்து வாட்ஸ்அப்பில் ஒரு விளக்குப் படம் வரும். இவனும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் யாரைத் திட்டுவாள்? கயிற்றைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கயிறு எதுக்கு, என்னைக் கட்டிப்போட்டுட்டுப் போறதுக்கா?" என்றாள்.

அவன் ஃபோனைக் காட்டினான். குளத்துக்கு வருகிற ஒருவர் அனுப்பிய படம். கார் மீன் ஒன்றின் வாயில் வெள்ளைக் கயிற்றுக் கொத்து சிக்கிக் கிடந்தது.

"முள்ளே இல்லையாம்க்கா. கயிறுதான் கெவாங், பொய் எரை. மீனு கடிச்சா பல்லுல மாட்டிக்குமாம். நானும் கட்டிப் பாத்தேன், வீசும்போதே அவுந்து போச்சு. கடைசியா ஒரு தடவ பாப்போம்லா. ஒன் குஞ்சலம் மாதிரியே இல்ல?"

"நீயும் ஒக்காந்து கத்துக்க, கட்டித் தர்றேன்."

"பொம்பள வேலையெல்லாம் எனக்கு வராதுக்கா. நீயே கட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். வயசு நாற்பதைத் தாண்டியும் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

சுசீலா கட்டினாள். தம்பியை ஊரில் நிறுத்துகிற குஞ்சலம் என்பதால் மணப்பெண்ணுக்குக் கட்டுவதைவிடக் கவனமாகக் கட்டினாள். மேலே கம்பி வளையம் வைத்து, கயிற்றைப் பிரித்துச் சின்னச் சின்னப் புரிகளாக்கி, கழுத்தில் பட்டு நூலால் இறுக்கி, புரிகளின் முனைகளையெல்லாம் ஒன்று விடாமல் சுடரில் காட்டி உருட்டினாள். எடுத்து ஆட்டிப் பார்த்தபோது, இதை மீன் கடிக்கப் போகிறதே என்று அவளுக்கே மனசில்லை.

சாயங்காலம் குளத்துக்குப் போனார்கள். காந்தன் குஞ்சலத்தைத் தூண்டில் நரம்பில் கட்டி வீசி, மெல்லச் சுற்றினான். தண்ணீருக்குள் நிழல் ஒன்று நகர்ந்தது. நரம்பு இறுகியது. காந்தன் பழக்கதோஷத்தில் கோலை வெட்டி இழுத்தான். அவ்வளவுதான், குஞ்சலம் மட்டும் தனியாகக் கரைக்குப் பறந்து வந்தது. மறுபடியும் வீசினான். அந்த மீனுக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. திரும்பக் கடித்தது. இந்த முறை அவன் வெட்டி இழுக்கவில்லை. கொஞ்ச தூரம் வந்து, சாவகாசமாக வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனது.

"போதும்க்கா. நீ செஞ்சதே பெருசு" என்று காந்தன் கோலைக் கொட்டகைச் சுவரில் சாய்த்தான். குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. இல்லை.

சுசீலா குஞ்சலத்தைக் கையில் எடுத்தாள். பல் பட்ட தடம் நிறைய இருந்தது. ஆனால் ஒரு இழை பிரியவில்லை. ஒரு முனை அவிழவில்லை. முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. பிரியாத கயிறு எப்படிப் பல்லில் சிக்கும்? படத்தில் இருந்தது பஞ்சு பஞ்சாகத்தானே இருந்தது! மாமியார் மடியில் உதிர்ந்ததே, அந்த மாதிரிக் குஞ்சலம்தான் இந்த மீனுக்கு வேண்டும்.

"டேய் காந்தா, நாளைக்குக் காலைல வர்றேன். அதுக்குள்ள அந்த பம்ப்காரன் வந்தா தொரத்தி விடு."

ராத்திரி சாப்பிட்டதும் புதுக் கயிற்றோடு உட்கார்ந்தாள். பிரித்தாள், பெரிய பல் சீப்பால் வாரினாள், பிறகு பேன் சீப்பால் வாரினாள். தலைமுடியை விட மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று விரிந்தது. வெட்டினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, கை அதுபாட்டுக்கு மெழுகுவர்த்தியைத் தேடிப் போனது. இழுத்துக்கொண்டாள். வெட்டிய முனைகள் மொட்டையாக அவளைப் பார்த்தன. கடைக்கு யாராவது இதைக் கொண்டுவந்து சுசீலா கட்டியது என்று சொன்னால் செருப்பைக் கழற்றுவாள். வளையத்துப் பக்கத்தை மட்டும் இறுக்கிச் சுட்டுவிட்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

சனிக்கிழமை காலையில் குளம் அசையாமல் கிடந்தது. நடுக்குளத்தில் 'பளக்' என்று சத்தம். காற்றைக் குடிக்க அந்த மீன் மேலே வந்து போகும் இடம் அது. காந்தன் அங்கேயே வீசினான். நரம்பு இறுகியது.

"இழுக்காத" என்றாள் சுசீலா. "சிக்கு விழுந்த முடிய வெடுக்குன்னு இழுத்தா வருமா? விடு. அது மெல்லட்டும்."

மீன் மென்றது. தலையை ஆட்டியது. புரண்டது. புரளப் புரள இழைகள் பல்லுக்குப் பல் ஓடிச் சுற்றிக்கொண்டன. காந்தன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தான். அது ஓடியது, இவன் விட்டான். நின்றது, இவன் சுற்றினான். சுசீலா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாத தெய்வம் பாக்கியில்லை. கடைசியில் கரைச்சேற்றில் அது வந்து படுத்தபோது, காந்தன் அதன் கண்ணின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினான். வாய் நிறைய வெள்ளைப் பஞ்சு. ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

வாயில் குறுக்கே கட்டையைக் கொடுத்து அவன் பிடித்துக்கொள்ள, அவள் பையிலிருந்து சீப்பை எடுத்துப் பல்லிடுக்கிலிருந்து இழைகளை வாரி எடுத்தாள். எத்தனையோ மணப்பெண்களுக்குச் சிக்கெடுத்தவள், இவ்வளவு கெட்ட வாயுள்ள ஒருத்திக்கு எடுத்ததில்லை. மீனைத் தண்ணீர்ப் பீப்பாயில் விட்டு மூடினார்கள். மீன்வளத் துறை ஆட்களைக் கூப்பிட்டால் வந்து கொண்டுபோவார்கள் என்றான் காந்தன். சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, குளத்தில் சத்தம் கேட்டது.

பளக்.

செம்பனைப் பக்கத்து ஓரத்தில் வட்ட வட்டமாக அலை. நடுவில் நீளமான முதுகு ஒன்று புரண்டு இறங்கியது. இன்னொன்று.

சுசீலாவுக்குத் தம்பி முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவனும் பார்த்துவிட்டான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நாளைக்குப் பம்ப் வரும், அடுத்த வாரம் ஜொகூர். அவள் மனசு அதற்குள் அவன் துணிமணியைக்கூட மடித்து வைத்துவிட்டது.

காந்தன் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தான்.

"காளி, நாளைக்கு வராத. ஆமா. இன்னொன்னு கெடக்கு. இல்லலா, எறைக்கல... தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன. பொறவு கூப்பிடுறேன்."

கொட்டகை வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த கயிற்றைக் கால் விரலில் மாட்டிப் பிரிக்க ஆரம்பித்தான். தப்பும் தவறுமாகத்தான் பிரித்தான். அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் நீட்டினான்.

"அந்தச் சீப்பக் குடுக்கா."