‘இவர்’ என்று எழுதியவர்

நவம்பர் 17 என்று திகதியிட்ட அந்தக் கடிதத்தில் மூன்றே வரிகள். அப்படியே பிரதி செய்கிறேன்: "இவருக்கு மாரியில மூச்சு இழுக்கும். தலைமாட்டை உயத்திப் போடுங்கோ. இனி எழுத ஏலாது." கீழே பெயர் இல்லை. அதற்கு முன் வந்த நான்கிலும் பெயர் இருக்கவில்லை. ஐந்தும் எனக்கே வந்தன. ஐந்தும் என் கணவரைப் பற்றியவை.

எனக்குத் திகதி குறிக்கும் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் சரித்திரம் படிப்பித்ததன் மிச்சம். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் உட்துறைமுகம் தெரியும். எந்தக் கப்பல் எப்போது நங்கூரம் போட்டது, மாரியின் முதல் மழை எந்த நாள் விழுந்தது, எங்கள் ஒழுங்கையில் யார் எப்போது காலமானார் என்றெல்லாம் கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறேன். கோயில் மலருக்குப் பழைய தகவல் வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். ஆகவே இதையும் திகதி வரிசையிலேயே சொல்கிறேன்.

முதற் கடிதம் பெப்ரவரி 11இல் வந்தது. "இவருக்கு உப்பைக் குறையுங்கோ. டொக்டர் சொன்னவர். உங்களிட்டச் சொல்லியிருக்க மாட்டார்." கையெழுத்து மணிமணியாக இருந்தது. கோடில்லாத தாளிலும் வரி வளையவில்லை. ஆனால் எழுதியிருந்தது முழுக்கப் பேச்சு. படித்த ஒருவர் தன்னை மறைக்க இப்படி எழுதுகிறார் என்று நினைத்தேன். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையை எடுத்து இரண்டு சொற்களைத் திருத்தியும் விட்டேன். திருத்திய பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.

என் கணவர் துறைமுகத்து வேலைத்தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் முடித்த வாரத்திலிருந்து என் கறியில் உப்புப் போதாது என்று சொல்லி வருபவர். "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு உப்புக்குப் பஞ்சமோ?" என்பது மேசையில் அவருடைய நிரந்தரப் பகிடி. அன்று மத்தியானம் மீன்குழம்பில் பாதி உப்புத்தான் போட்டேன். அவர் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவினார். மறுநாளும் அப்படியே. அவர் குறை சொல்லியிருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

ஏப்ரலில் இரண்டாவது வந்தது: கிணற்றில் தண்ணீர் அள்ள அவரை விட வேண்டாம். ஜூனில் மூன்றாவது: பின்னேரங்களில் பாதம் வீங்குகிறதா என்று பார்க்கவும். பார்த்தேன். செருப்பின் வார் பதிந்த இடம் குழியாக இருந்தது.

மாதத்தின் முதல் புதன்கிழமைகளில் கிண்ணியாவில் ஒரு கூட்டாளியின் வள்ளத்து எஞ்சினைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அவர் காலையிலேயே கிளம்பிவிடுவார். ஜூலையில் அப்படி ஒரு நாள் அவர் போனதும் அவருடைய ஸ்பனர் பெட்டியைத் திறந்தேன். கிறீஸ் துணிக்கு அடியில் ஆசுபத்திரி கிளினிக் கொப்பி இருந்தது. இருதயக் கிளினிக். பதினான்கு மாதத் திகதிகள், எல்லாமே முதல் புதன். அன்று மட்டும் கொப்பியைக் கொண்டு போகவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

நான் கேட்கவில்லை. கேட்டால், எனக்கு யார் சொன்னது என்று அவர் கேட்பார். பெயரில்லாத கடிதங்களைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். அவர் மறைத்தார். எனக்குத் தெரியும் என்பதை நானும் மறைத்தேன். அந்த மாதங்களில் குசினியில் தனியாக நிற்கும் உணர்வே எனக்குப் போய்விட்டது. உப்புப் போத்தலைத் திறக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று கரண்டியைப் பார்ப்பது போல இருக்கும். பட்டப்பகலில், ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, திரும்பிப் பார்த்திருக்கிறேன். அவருடைய சட்டையைக் கொடியில் போடும்போது, இதை நான் சரியாகப் பிழிந்தேனா என்று அந்த யாரோவிடம் மனதுக்குள் கேட்டுமிருக்கிறேன்.

நான்காவது கடிதம் ஆகஸ்ட் 22. "இவர் ரெண்டு மாதமா டொக்டர் குடுத்த குளிசை எடுக்கேல்லை. குடிச்சாத் தலை சுத்துதாம். என்னட்டச் சொன்னவர். கிளினிக்குக்கும் போறேல்லை. ஆசுபத்திரி வாங்கில வந்து இருந்திட்டுப் போறார். நீங்கள் கேளுங்கோ."

இதற்கு மேல் மறைத்தால் ஆள் இல்லாமல் போய்விடுவார் என்று விளங்கியது. அவர் குசினி மேசையில் மின்விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, தபாலில் வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு உரக்க வாசித்தேன். முதற் சொல்லிலேயே அவர் சிரித்தார்.

"இஞ்சாரும், உலகத்தில என்னை 'இவர்' எண்டு சொல்லுறது நீர் ஒராள்தான். நீரே எழுதிப் போட்டு நீரே வாசிக்கிறீரோ?"

பகிடியாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருடைய முகம் மாறியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊரில் மனைவி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. பக்கத்தில் இல்லாதபோதும் அவர் 'இவர்'தான். மற்றவர்களுக்கு அவர் 'அவர்', இல்லாவிட்டால் 'உங்கட அவர்'. நான்கு கடிதங்களிலும் அந்தச் சொல் முதல் வரியிலேயே இருந்தது. சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழை திருத்தியவள் அதை மட்டும் கவனிக்கவில்லை. என்னுடைய வாயில் கிடந்த சொல் என்பதால் அது யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

"ஆர் அது?" என்று கேட்டேன்.

அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சிரட்டைக்குள் போட்டு முடித்த பிறகு சொன்னார். என்னைக் காண்பதற்கு முன், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், வெருகல் பக்கத்துப் பெண் ஒருத்தியுடன் ஒரு வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறார். பிறகு வேலை தேடி நகரத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவளும் தேடி வரவில்லை. போன வருடம் கிளினிக் வாங்கில், எண் கூப்பிடும் வரை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அவளுக்கும் இருதயம். வருத்தத்தை மனைவியிடம் சொல்லச் சொல்லி ஒவ்வொரு மாதமும் சண்டை பிடித்தாளாம். சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று இவர் மறுத்தாராம்.

"அவவோட எனக்கு எழுத்து நடக்கேல்லை" என்றார், மன்னிப்புக் கேட்பது போல.

கலியாணப் பதிவைச் சொன்னார். எனக்கோ கையிலிருந்த கடிதத்தின் எழுத்துத்தான் கண்ணில் பட்டது. இவ்வளவு வடிவான எழுத்து யாரிடம் படித்தது என்று கேட்டேன்.

"அவவுக்கு எழுதத் தெரியாது."

அப்படியானால் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லைக் கூட மாற்றாத நேர்மையான ஆள். 'இவர்' என்று அவள் சொன்னாள், 'இவர்' என்று அவர் எழுதினார். எழுதியவர் யாரென்று என் கணவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து குளிசையை நான் எடுத்துக் கொடுத்தேன். செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் கிளினிக்குக்குக் கூடப் போனேன். அவளைப் பார்த்து என்ன சொல்வது என்று பாதை முழுக்க யோசித்தேன். இரண்டு முறையும் அவள் வரவில்லை. அவர் அந்த வாங்கைக் காட்டினார். ஒரு வயதான தம்பதி அதில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் ஐந்தாவது கடிதம் வந்தது. உறையில் தபால் முத்திரை மழையில் கரைந்து நீலக் கறையாக இருந்தது. தலைமாட்டை உயர்த்திப் போட்டேன். மூச்சு இழுப்புக் குறைந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு, ஜனவரியில், வெருகலுக்குப் போக வேண்டும் என்று நான்தான் சொன்னேன். மூதூர் தாண்டி பஸ்ஸில் போனோம். கோயிலுக்கு அப்பால், ஆற்றுப் பக்கமாக, வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வளவிலிருந்து ஒரு பெண் வேலி வரை வந்து நாங்கள் சொந்தமா என்று விசாரித்தாள்.

"இல்லை. இவருக்குத் தெரிஞ்சவ" என்றேன். சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் நாக்கில் தட்டியது.

"அவ மோசம் போயிட்டாவே. கந்தசட்டி முடிஞ்ச மற்ற நாள். நான் பாறணைக்கு இலை போடேக்கதான் சத்தம் கேட்டு ஓடினனான்."

நாளில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அப்படி ஒன்று நடந்ததே தனக்குத் தெரியாது, கிளினிக்குக்குப் போகும் நாட்களில் நகரத்தில் யாரிடமாவது எழுதுவித்திருக்கலாம் என்றாள். என் கணவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். விரதம் முடிக்கும் பாறணை நாள் நவம்பர் 8. கடிதத்தின் திகதி நவம்பர் 17.

ஆறு நாள் விரதம் இருந்த பக்கத்து வளவுப் பெண் பாறணை நாளை மாற்றிச் சொல்ல மாட்டாள். இறந்தவள் முன்பே சொல்லி வைத்ததை, தபாலில் போடும் நாளின் திகதியிட்டு யாரோ அனுப்பியிருக்கலாம். அல்லது, ஆகஸ்ட் 22க்குப் பிறகு, 'இவர்' என்ற சொல்லைக் கண்டால் நான் சொன்னதைச் செய்வேன் என்று தெரிந்தவர் இந்த வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். மாரியில் தனக்கு மூச்சு இழுப்பது அவருக்கும் தெரியும். அது அவருடைய கையெழுத்து அல்ல. ஆனால் முதல் நான்கும் அவளுடைய கையெழுத்து அல்லவே.

அவர் இப்போது குளிசை தவறுவதில்லை. கறியில் உப்பில்லை என்று பழையபடி சொல்லத் தொடங்கிவிட்டார். நான் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்த ஆளை இதுவரை கண்டுபிடிக்கவும் இல்லை. என் கொப்பியில் நவம்பர் 17க்கு நேரே இருப்பது இவ்வளவுதான்: கடிதம் ஒன்று. சொன்னவர் யார் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.