அணிலுக்கு வைத்த பலாச்சுளை

தம்பியின் புளியமரங்களைக் காப்பாற்ற நான் நினைத்ததில்லை. அவனுக்கு நட்டம் வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். அய்யனார் கோவில் போகும் வழியில் எங்கள் தோப்பைப் பாகம் பிரித்தபோது கிணறு அவன் பக்கம் போனது. ஒரு கோடையில் தண்ணீர் கேட்டேன். மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, என் கண்முன்னாலேயே தன் தென்னைக்குப் பாய்ச்சினான்.

பிறகு, புளியமரங்களை வெட்டிவிட்டு அங்கேயும் தென்னை வைக்கக் கிளம்பினான். நான் இராஜபாளையத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கொல்லவோ கூட்டைக் கலைக்கவோ கூடாது என்று சட்டம் காக்கும் மலை அணில்கள் எதைத் தின்கின்றன என்று வருடக்கணக்கில் பார்த்து எழுதி வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், கோடையில் அணிலுக்கு அந்த மரங்கள்தான் சாப்பாடு என்று வனத்துறையினரிடம் சொன்னேன். வந்து பார்க்கிறோம் என்றார்கள். உண்மையில் அணில் அங்கே வருவது அபூர்வம். அதனால் தினமும் விடியலில் வேலி தாண்டிப் போய், ஏணி வைத்து ஏறி, கிளைக் கவட்டையில் பலாச்சுளை வைத்தேன். அணில் வரத் தொடங்கியது. அவர்களும் வந்து பார்த்தார்கள். வெட்டக் கூடாது என்றார்கள்.

அண்ணன் அணில் வீட்டில் சம்பந்தம் பண்ணிவிட்டார், இனி நம்மையெல்லாம் அவருக்குத் தெரியாது என்று தம்பி பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தான். நான் சுளை வைப்பதை நிறுத்தவில்லை.

மூட்டுவலியில் ஏணி ஏற முடியாமல் போனதும் மரத்தின் வேர்மேல் வைத்தேன். மலை அணில் தரைக்கு இறங்கத் தயங்கும் பிராணி. வகுப்பில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அது இறங்கியது. தம்பியின் வெள்ளை நாய் கவ்விவிட்டது.

அவன் அதைத் தூக்கி வந்து என் வாசலில் போட்டான்.

"புளிதான் திங்கும்னு சொன்னியளே. வாயைத் தொறந்து பாருங்க."

பல்லிடுக்கில் மஞ்சள் நார் இருந்தது.

"நாயைக் கட்டத் துப்பில்ல, எனக்குப் பாடம் நடத்துதியாலே" என்றேன்.

நாய் கொன்றதற்கு அவன்மேல் வழக்கு எழுத வந்த வனத்துறையினர், அணில் ஏன் இறங்கியது என்று என்னிடம்தான் கேட்டார்கள். கிளை முறிந்து விழுந்திருக்கும் என்றேன். அவன் மனைவி அழுதது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், சுளை வைத்தது நான்தான் என்று சொன்னேன். வழக்கு என்மேல் திரும்பியது. உங்கள் குறிப்பு எதையும் இனி நம்ப முடியாது என்றார்கள். நியாயம்தான். மரங்களை வெட்ட இருந்த தடையும் போயிற்று.

வெட்ட ஆள் வந்த காலையில், இன்னொரு அணில் அதே மரத்தின் உச்சியில் உட்கார்ந்து புளியம்பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தது. வேலியோரம் போய்த் தம்பியிடம் காட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இதுக்கு என்னண்ணே வச்சிய?"

கேட்டுவிட்டு, ரம்பத்தை ஓட்டச் சொன்னான்.